மத்தியான வெயில்ல ஜெராம் தண்ணி

1. மூணு கிளாசுக்கு மூணு அறை

மொத அறை விழுந்தப்ப நான் சிரிச்சிட்டேன். அதனாலதான் ரெண்டாவது அறை கொஞ்சம் பலமா விழுந்துச்சி. மூணாவது அறைக்கு சிரிப்பு வரல.

அடிச்சவன் கோலா பிலாவுல இருந்த ஜப்பான்கார ஆபீசர். அடி வாங்குனது நான், சவரிமுத்து, போட்டோ கடையில வேலை. அவன் குடுத்த மூணு கிளாசையும் நான் பாழாக்கிட்டேன், அதுக்குத்தான் அடி. கிளாஸ்னா குடிக்கிற கிளாஸ் இல்ல. படம் விழுமே, அந்த மருந்து தடவுன கண்ணாடித் தகடு. அந்தக் காலத்துல அரிசி கெடைச்சாலும் கெடைக்கும், கிளாஸ் கெடைக்காது.

இத எதுக்கு எழுதுறேன்னா, நம்ம கடைக்கு புதுசா ரெண்டு பேரு வந்திருக்கீங்க. நேத்து ஒருத்தன் கேட்டான், "அண்ணே, மத்தியான வெயில்ல வெளிய போயி படம் எடுக்கலாமா, கூடாதா?"ன்னு. வாயால சொன்னா நான் கிண்டல் பண்றேன்னு நெனச்சிக்கிறீங்க. அதனால எழுதி வைக்கிறேன். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல நாலாவது வரைக்கும்தான் படிச்சேன், அதுலயும் பாதி நாளு கொய்யா மரத்து மேல இருந்தேன். எழுத்து தப்பா இருந்தா திருத்திப் படிச்சிக்குங்க, என்கிட்ட வந்து சொல்லாதீங்க.

கடை மொதலாளி சீனர். தௌக்கேன்னு கூப்பிடுவோம். ஜப்பான்காரன் மலாயாவ புடிச்சதுல இருந்து மனுசன் கடை வாசலைத் தாண்டல. சீனன் ரோட்டுல போனா நிறுத்தி வச்சி என்னென்னமோ கேப்பானுங்க. அதனால வெளி வேலை எல்லாம் என் தலையில.

ஒரு நாளு ஆபீசர் கடைக்கு வந்து மூணு கிளாஸ மேசையில வச்சான். பகாவ் போற ரோட்டுல ஒரு தோட்டம். அந்தத் தோட்டத்துக்குப் பின்னாடி, மலையில இருந்து தண்ணி விழுற ஜெராம் இருக்கு. அத படம் புடிச்சி குடுக்கணுமாம்.

தௌக்கே என்ன பாத்தாரு. அவரு வாயில என் பேரு சவாரிதான். "சவாரி, நீ போ லா."

"ஏன் தௌக்கே, நீங்க வரலையா?"

"நான் போனா தலைய வெட்டுவான். நீ தமிழன். உன்ன அறைவான், அவ்ளோதான்."

மனுசன் ஜோசியக்காரரு.

அந்தத் தோட்டம் எனக்குப் புதுசு இல்ல. நான் பொறந்து வளந்ததே அங்கதான். சைக்கிள்ல கேமராவ கட்டிக்கிட்டு போனேன். டயருக்குள்ள டியூப் கெடையாது, ரப்பர் குழாய சுத்தி கட்டியிருந்தோம். ஒவ்வொரு கல்லுக்கும் என் இடுப்பு ஒரு தடவ எந்திரிச்சி உக்காரும். போய் சேரும்போது சூரியன் நடு மண்டையில. எனக்கு ரொம்ப சந்தோசம். வெளிச்சம் இவ்ளோ இருக்கே, படம் அருமையா வரும்னு நெனச்சேன். ஸ்டாண்ட நட்டேன், கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டேன், கேமரா மூடிய எடுத்து ஒண்ணு ரெண்டு எண்ணி மூடுனேன். மூணு கிளாசும் முடிஞ்சது.

இருட்டு ரூம்ல கழுவிப் பாத்தா, தண்ணிய காணோம். மரம் எல்லாம் கரி. பாறை எல்லாம் சுண்ணாம்பு. நடுவுல வெள்ளையா ஒரு பட்டை, அதுல ஒரு துளி கூட தெரியல.

ஆபீசர் படத்த கையில வச்சிக்கிட்டு மலாய்ல கத்துனான், "இது தண்ணியா? இது துணி!"

அவன் சொன்னது உண்மைதான். கொடியில காயப்போட்ட வேட்டி மாதிரியே இருந்துச்சி. அதான் எனக்கு சிரிப்பு வந்துடுச்சி.

2. துணி துவைக்கிறவங்கள கேட்டிருக்கணும்

ஆபீசர் மறுபடியும் நாலு கிளாஸ் குடுத்தான். இந்தத் தடவ சரியா வரலன்னா அறையோட போகாதுன்னு தௌக்கே சொன்னாரு.

மறுபடி தோட்டத்துக்குப் போனேன். ஜெராம்ல அஞ்சலை துணி துவைச்சிக்கிட்டு இருந்தா. அவ என் கூட்டாளி காளியப்பனோட தங்கச்சி. தாய் தகப்பன் ரெண்டு பேரும் போயிட்டாங்க, அண்ணனும் தங்கச்சியும் மட்டும்தான் லயத்துல, அந்த வரிசை வீடுங்கள்ல ஒண்ணுல இருந்தாங்க. மரத்த வெட்டி பால் எடுக்குற வேலை நின்னு போச்சி, ரப்பர வாங்க ஆளு இல்ல. மரவள்ளி நட்டு, மரவள்ளி தின்னு, மரவள்ளியே ஏப்பம் விட்டுக்கிட்டு இருந்த காலம்.

"ஏ சவரி, ஒரு கன்னம் மட்டும் என்ன குண்டாயிருக்கு?"ன்னா அஞ்சலை.

"கோலா பிலாவுல சாப்பாடு நல்லா இருக்கு. ஒரு பக்கமா மெல்லுறேன்."

கதைய சொன்னேன். சோப்பு இல்லாத துணிய பாறையில அடிச்சிக்கிட்டே அவ சிரிச்ச சிரிப்பு இருக்கே, தண்ணி சத்தத்தையும் தாண்டி கேட்டுச்சி. அப்புறம் சொன்னா, "மத்தியானத்துல இந்தப் பாறைய பாத்தா எங்களுக்கே கண்ணு கூசும். துணி காயப்போடத்தான் அந்த நேரம் லாயக்கு. அந்தப் பக்கத்து மலையோட நெழலு தண்ணி மேல விழும் பாரு, அப்பதான் குளிக்கவே எறங்குவோம். அது வரைக்கும் உக்காரு."

"எவ்ளோ நேரம்?"

"நெழலு வர்ற வரைக்கும்."

உக்காந்தேன். நம்ம மணிக்கு மூணரை ஆச்சி. மலை நெழலு மெதுவா எறங்கி பாறை மேல படுத்துச்சி. கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டுப் பாத்தா, வேற எடமா இருந்துச்சி. ஒவ்வொரு நூலா தண்ணி விழுறது தெரியுது. பாசி தெரியுது. பாறையில வெடிப்பு தெரியுது. கேமராவுக்குள்ள எல்லாம் தலகீழாத்தான் தெரியும், தண்ணி கீழ இருந்து மேல போற மாதிரி. நான் வாய தொறந்துக்கிட்டு அப்படியே நின்னேன்.

மூணு கிளாஸ்ல எடுத்தேன். மூணும் அச்சு மாதிரி வந்துச்சி. நாலாவது கிளாஸ் கையிலயே இருந்துச்சி. ஒண்ணு வழியில ஒடஞ்சி போச்சின்னு ஆபீசர்கிட்ட பொய் சொன்னேன். அத நான் ஒளிச்சி வச்சதுக்கு அப்ப ஒரு காரணமும் இல்ல. திருடுறதுக்கு காரணம் வேணுமா என்ன?

ஆபீசர் படத்த பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான். அப்புறம் நாற்காலியில உக்காந்துட்டான். "சாமா"ன்னு மலாய்ல மெதுவா சொன்னான், ஒரே மாதிரின்னு அர்த்தம். அவன் ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்காம். விரலால தண்ணிய மேல இருந்து கீழ தடவிப் பாத்தான். ஊர நெனச்சி அழுவுறானோன்னு தோணுச்சி. ஒரு ரெண்டு நிமிசம் எனக்கு அவன் மேல கோவமே வரல. அப்புறம் கன்னத்த தொட்டுப் பாத்தேன், வந்துடுச்சி.

அன்னையில இருந்து கடையில நான்தான் கெட்டிக்காரன். வெளிய எடுக்குற படமா, காத்திரு. நெழலு வரட்டும், மேகம் வரட்டும். தௌக்கேவுக்கே நான் பாடம் எடுத்தேன். அவரு தலைய ஆட்டிக்கிட்டு தூங்கிட்டாரு.

3. நாலு மணி லோரி

அடுத்த மாசம் சயாமுக்கு ஆள் எடுத்தானுங்க. ரயில் ரோடு போடணுமாம். மூணு மாசம்தான், அரிசி உண்டு, துணி உண்டு, திரும்ப கொண்டாந்து விட்டுடுவோம்னு கங்காணி மாதிரி வேலை வாங்குற மண்டோர் லயம் லயமா சொல்லிக்கிட்டுப் போனாரு. பேரு விழுந்த வீட்டுல ஆளு போவலன்னா மிச்சம் இருக்குறவங்கள புடிப்பானுங்கன்னும் சொன்னாரு. அத மட்டும் கொஞ்சம் சத்தம் கொறச்சி சொன்னாரு.

காளியப்பன் பேரு விழுந்துச்சி.

அஞ்சலை நடந்தே கோலா பிலாவுக்கு வந்துட்டா. கடைக்குப் பின்னாடி வந்து நின்னா. அவ கிண்டல் பண்ணாம என்கிட்ட பேசுனது அதான் மொத தடவ.

"சவரி, எங்க அண்ணன ஒரு படம் எடுத்துக் குடு. எங்க அம்மா மொகம் எனக்கு மறந்து போச்சி. யோசிச்சா புடவைதான் ஞாபகம் வருது, மொகம் வரமாட்டேங்குது. எனக்குன்னு இருக்குறது அண்ணன் மட்டும்தான்."

"மூணு மாசம்தானே?"ன்னேன்.

"எடுத்துக் குடுப்பியா, மாட்டியா?"

அந்த நாலாவது கிளாஸ் எதுக்குன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சி.

லயத்துல வச்சி எடுக்க முடியாது. ஜப்பான்காரன் கிளாஸ்ல தோட்டத்தான படம் எடுக்குறேன்னு தெரிஞ்சா என் தோலு உரிஞ்சிடும். ஆனா ஜெராம்ல கேமராவோட நிக்க என்கிட்ட ஆபீசர் குடுத்த கடுதாசி இருந்துச்சி. அதனால அங்கயே எடுக்கலாம்னு முடிவு பண்ணோம். அஞ்சலை அண்ணனுக்கு கட்டுச்சோறு கட்டணும்னு லயத்துலயே இருந்துட்டா. சோறுன்னா சோறு இல்ல, மரவள்ளிதான்.

காளியப்பன் மத்தியானமே வந்துட்டான். இடுப்புல சாக்குத் துணி, ஒடம்புல ஒண்ணும் இல்ல.

"டேய், இப்படியே நின்னா சயாம்காரன் கூட உன்ன சேத்துக்க மாட்டான்"ன்னு சொல்லி என் சட்டைய கழட்டிக் குடுத்தேன். எனக்கு இருந்ததே அந்த ஒரு சட்டைதான். அவன் தோளு பெருசு, பித்தான் போடமுடியல.

"போட்டோ தொரை, எங்க நிக்கணும்?"

தண்ணிக்குப் பக்கத்துல ஒரு தட்டையான பாறை. அங்க உக்காத்தி வச்சிட்டு துணிக்குள்ள தலைய விட்டேன். மேல நேரா வெயிலு. மூக்கு நெழலு வாய மறைக்குது. கண்ணு ரெண்டும் ரெண்டு குழி. வெள்ளைச் சட்டை பளீர்னு எரியுது. அவன் மொகம் கரிச்சட்டி. அதுவும் தலகீழா.

வெளிய வந்தேன். "நல்லா வராதுடா. இருக்குறது ஒரே கிளாஸ். நெழலு வரட்டும்."

"லோரி நாலு மணிக்குடா."

"நெழலு மூணரைக்கே வந்துடும். அர மணி நேரம் இருக்கு. போதும்."

இந்த எடத்துல ஒண்ண சொல்லணும். ஜப்பான்காரன் வந்ததும் கடியாரத்தையும் புடிச்சிக்கிட்டான். தோக்கியோ மணியாம், ஒண்ணரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிட்டான். ஆபீசுல ஜப்பான் மணி. லயத்துல நம்ம மணி. லயத்துல எவன்கிட்டயும் கடியாரம் கெடையாது, வெயில பாத்து நம்ம மணிதான் சொல்லுவோம். காளியப்பன் பொறந்ததுல இருந்து அப்படித்தான் சொல்லுவான். அதனால அவன் நாலுன்னா நம்ம நாலுதான்னு நெனச்சேன். அவன் மண்டோர் சொன்னத அப்படியே சொன்னான். மண்டோர் ஆபீசு கடியாரத்த பாத்து சொன்னாரு. எந்த நாலுடான்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. வாய் ஓயாம பேசுறவன், அத மட்டும் கேக்கல.

காத்திருந்தோம். ஊர்க்கதை எல்லாம் பேசுனோம். பள்ளிக்கூடத்துல வாத்தியார் தொப்பிக்குள்ள நாங்க தவளை விட்டது, அடிக்கும்போது அவன் மட்டும் அழாம நின்னது, எல்லாம். அவன் திடீர்னு கேட்டான்.

"அஞ்சலைய பாத்துக்குவியாடா?"

"அவ என்ன பாத்துக்குவா. என்ன பாத்தாலே சிரிக்கிறா."

"அதான் கேட்டேன்"ன்னான்.

வெயிலு தாங்கல. சட்டைய கழட்டி மரக்கெளையில மாட்டிட்டு தண்ணியில எறங்கி முழுக்குப் போட்டான். சொட்டச் சொட்ட வந்து அதே பாறையில உக்காந்தான். ஸ்டாண்டு தயார், கிளாஸ் உள்ள போட்டாச்சி, மறைப்பும் இழுத்தாச்சி. மூடிய எடுத்தா போதும். மலைய பாத்தேன். நெழலு பாதி தூரத்துலதான் நின்னுச்சி.

லோரி ஹோன் கேட்டுச்சி.

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம். மறுபடியும் கேட்டுச்சி, இந்தத் தடவ நீளமா. ஜப்பான் நாலு. நம்ம மணிக்கு ரெண்டரைதான்.

அவன் எந்திரிச்சிட்டான்.

"டேய், நில்லுடா! ஒரு நிமிசம்! ரெண்டு எண்ணுறதுக்குள்ள!"

"நான் போவலன்னா அவள புடிப்பானுங்கடா!" கெளையில இருந்து சட்டைய உருவுனான். ஓட ஆரம்பிச்சவன் ஒரு தடவ திரும்பி சிரிச்சான். "மூணு மாசத்துல வந்துடுறேன். அதுக்குள்ள உன் நெழலும் வந்துடும்!"

பாதையில எறங்கிட்டான். நான் மூடிய கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். முன்னாடி வெறும் பாறை, வெறும் தண்ணி. எதுக்கு எடுத்தேன்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. மூடிய தொறந்து ஒண்ணு ரெண்டு எண்ணி மூடுனேன்.

சட்டை இல்லாம லயத்துக்கு ஓடுனேன். லோரி போயிடுச்சி. ரோட்டுல தூசி மட்டும் நின்னுச்சி. அஞ்சலை அந்தத் தூசிக்குள்ள நின்னா.

"எடுத்துட்டியா?"ன்னா.

"எடுத்துட்டேன்"ன்னேன்.

4. பேப்பர் இல்ல

நான் சொன்ன பொய் எல்லாம் எழுதுனா இந்த நோட்டுப் புத்தகம் பத்தாது. ஆனா ஒண்ணும் ஒட்டிக்கிட்டு இருந்தது இல்ல. இது ஒட்டிக்கிச்சி.

மூணு மாசம் ஆச்சி, ஆறு மாசம் ஆச்சி, ஒரு வருசமும் ஆச்சி. யாரும் வரல. அஞ்சலை பசாருக்கு வரும்போதெல்லாம் கடைக்குப் பின்னாடி வந்து நிப்பா.

"படம்?"

"பேப்பர் இல்ல அஞ்சலை. கிளாஸ் பத்திரமா இருக்கு. பேப்பர் வந்ததும் மொத பிரிண்டு உனக்குத்தான்."

படம் போடுற பேப்பர் இல்லாதது உண்மை, ஆபீசர் படத்தோட தீந்து போச்சி. அதனால அந்தப் பொய் ரொம்ப நாளு ஓடுச்சி. "நல்லா வந்திருக்கா? சிரிக்கிற மாதிரி இருக்கா?"ன்னு கேப்பா. "பல்லு எல்லாம் தெரியுது"ன்னு சொல்லுவேன். அவ சந்தோசமா போவா. நான் இருட்டு ரூமுக்குள்ள போயி கதவ சாத்திக்குவேன். கிளாஸ கழுவி காய வச்சதோட சரி, ஒரு தடவ கூட வெளிச்சத்துல புடிச்சிப் பாக்கல. பெட்டிக்குள்ள அடியில போட்டு வச்சேன்.

காளியப்பன் இல்லாம எனக்கு கிண்டல் பண்ணவே ஆளு இல்ல. தௌக்கேவ கிண்டல் பண்ணா அவரு பாதி புரியாம சிரிப்பாரு. அது கிண்டல்ல சேத்தி இல்ல. ஞாயித்துக்கெழமை சைக்கிள எடுத்துக்கிட்டு ஜெராமுக்குப் போவேன். நெழலு எறங்குறத பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அது பாட்டுக்கு தெனமும் வந்துச்சி. நேரம் தவறாம.

ஜப்பான்காரன் போனான். கடியாரத்த திருப்பி வச்சாங்க. சயாமுக்குப் போனவங்க கொஞ்சம் கொஞ்சமா வந்தாங்க, வந்தவங்கள அடையாளம் கண்டுபுடிக்க வேண்டியிருந்துச்சி. அதுல ஒருத்தர் அஞ்சலை வீட்டு வாசல்ல உக்காந்து சொன்னாரு, மழைக் காலத்துல காய்ச்சல்ல காளியப்பன் போயிட்டான்னு. ரெண்டு நாளுதான் படுத்திருந்தானாம்.

அடுத்த வாரமே கடைக்கு பேப்பர் வந்துச்சி. அஞ்சலையும் வந்தா. கையில ஒரு பிரேம். புதுசு, கண்ணாடி போட்டது. எங்க பணம் பொரட்டுனாளோ.

"இதுக்குள்ள போட்டுக் குடு"ன்னா.

அவள முன்னாடி உக்கார வச்சிட்டு இருட்டு ரூமுக்குள்ள போனேன். பின் கதவு வழியா ஓடிடலாமான்னு யோசிச்சேன். நிசமாத்தான் யோசிச்சேன். அப்புறம் பிரிண்டு போட்டேன். மருந்துத் தட்டுல படம் மெதுவா வர்றத பாத்தேன். மத்தியான வெயிலு, அதே வேட்டி மாதிரி தண்ணி. ஈரம் காயறதுக்குள்ளயே எடுத்துக்கிட்டு வந்து அவ கையில குடுத்தேன்.

"இதுல அண்ணன் எங்க?"

எல்லாத்தையும் சொன்னேன். நெழலு, கடியாரம், ஹோனு, மூடி, பேப்பர் எல்லாம். பேசும்போது அவ மூஞ்சிய பாக்கல. தௌக்கே அந்தப் பக்கம் எதையோ தொடைக்கிற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தாரு.

அவ அழுவல. அடிச்சிருந்தா கூட நல்லா இருந்திருக்கும். படத்த கண்ணுக்குக் கிட்ட கொண்டு போனா.

"இது என்ன?"

வெள்ளைப் பாறை நடுவுல கறுப்பா ஒரு தடம். காளியப்பன் உக்காந்திருந்த ஈரம். பாறை காஞ்சி சுண்ணாம்பா இருந்ததால அது அப்படியே மையில வரஞ்ச மாதிரி தெரிஞ்சிச்சி. அங்க இருந்து பாதைப் பக்கமா காலடி. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. விரலு கூட தெரியுது. அந்த வெயில்ல அரை நிமிசத்துல காஞ்சி போற ஈரம். நெழல்ல எடுத்திருந்தா பாறையும் ஈரமும் ஒரே நெறத்துல போயிருக்கும்.

அஞ்சலை விரல ஒவ்வொரு காலடி மேலயும் வச்சா. "எடது கால வெளிய தள்ளித்தான் வைக்கும்"ன்னா. "எங்க அண்ணன்தான்."

பிரேம தொறந்து அவளே படத்த உள்ள வச்சா, ஆணிய திருப்பி இறுக்குனா. எந்திரிச்சி கதவு வரைக்கும் போனவ, திரும்பாமலே கேட்டா.

"கண்ணு குழியா, மொகம் கரியா இருந்துச்சின்னுதானே எடுக்கல?"

"ஆமா."

"எங்க அண்ணன் கறுப்புதானேடா சவரி. கறுப்பாவே எடுத்திருக்கலாம்ல."

பகாவ் பஸ்ஸுல ஏறிப் போயிட்டா. இன்னும் சில ஞாயித்துக்கெழமை பசார்ல பாக்குறேன். தலைய மட்டும் ஆட்டுவா. சிரிக்கிறது இல்ல. நானும் பக்கத்துல போறது இல்ல.

தம்பிங்களா, நீங்க கேட்டதுக்கு பதில் இதுதான். தண்ணிய மட்டும் எடுக்கணுமா, காத்திருங்க. நெழலு வரட்டும், மேகம் வரட்டும், நாளைக்கு கூட போயி எடுங்க. தண்ணி நாளைக்கும் விழும். ஆனா தண்ணிக்கு முன்னாடி ஒரு ஆளு நின்னா, நடு மத்தியானமா இருந்தாலும் சரி, கண்ணு குழியா விழுந்தாலும் சரி, உடனே மூடிய எடுங்க. கஸ்டமர் வந்து மொகம் கரியா இருக்குன்னு கத்துனா என் பேர சொல்லுங்க. நான் வந்து திட்டு வாங்கிக்கிறேன்.